கண்ணாடியக்காவின் பேச்சு

மாதத்தின் முதல் திங்கட்கிழமை காலையில் சுண்ணாம்புக் கம்பெனியின் தகரக் கொட்டகைக்குள் புது ஆட்களையும் பழைய ஆட்களையும் ஒன்றாக உட்கார வைப்பார்கள். சேஃப்டி சார் மைக்கை இரண்டு தட்டுத் தட்டிவிட்டு அவளைப் பார்த்துத் தலையை ஆட்டுவார். அவள் எழுந்து போய் முன்னால் நின்று, கறுப்புக் கண்ணாடியைக் கழற்றுவாள். இடது கண்ணில் பாலாடை படிந்த மாதிரி ஒரே வெள்ளை. புது ஆட்கள் சட்டென்று குனிந்து தங்கள் கால் விரல்களைப் பார்ப்பார்கள். பழைய ஆட்கள் கொட்டாவி விடுவார்கள்.

"எல்லாருக்கும் வணக்கம். நான் காளவாய்ல வேலை செஞ்சவ. கண்ணாடிய நெத்தி மேல தள்ளி விட்டுட்டு வேலை பார்த்தேன். சுண்ணாம்பு விழுந்து கண்ணு போச்சு. தப்பு என்னுது. அந்தத் தப்ப நீங்க பண்ணாதீங்க. கண்ணாடி போடுங்க."

அவ்வளவுதான். சில சமயம் பின்வரிசையில் யாராவது அவளுக்கு முன்பாகவே முணுமுணுப்பாக இதைச் சொல்லி முடித்திருப்பார்கள். பக்கத்தில் இருப்பவன் சிரிப்பை அடக்க முடியாமல் இருமுவான். அவளுக்கு அதில் கோபம் வந்ததில்லை. சொன்னதையே சொல்லிக்கொண்டிருந்தால் யார்தான் சிரிக்க மாட்டார்கள்? கண்ணாடி, கண்ணாடி என்று சொல்லிச் சொல்லியே அவள் பெயர் கண்ணாடியக்கா ஆகிவிட்டது.

அதற்கு முன்னால் அவள் பெயர் குட்டை. காளவாயில் அவளோடு ஜோடியாக வேலை செய்தவள் நல்ல உயரம், அவள் நெட்டை. நெட்டையும் குட்டையும் வந்தாச்சா என்று கேட்டுவிட்டுத்தான் மேஸ்திரி வேலையைப் பிரிப்பார். இப்போது அந்தப் பழைய பெயரைச் சொல்லிக் கூப்பிடுவது நெட்டை ஒருத்திதான்.

அவள் அந்த இடத்துக்கு வந்தது ஜல்லி உடைக்க. அம்மாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து சுத்தியல் பிடித்தவள். கை வளர்ந்ததோ இல்லையோ, சில்லு தெறித்த தழும்புகள் வளர்ந்தன. குவாரிக் குழியில் துளை போடுகிறவருக்கே கட்டி வைத்தார்கள். பாறையில் வேட்டுக்குத் துளை போடும் இயந்திரத்தை வயிற்றோடு அணைத்துப் பிடித்து வாழ்க்கையை ஓட்டிய மனிதர். அந்தச் சத்தம் அவர் காதை மெல்ல மெல்லத் தின்றுவிட்டது. இப்போது வீட்டில் இருக்கிறார். தேவையானது மட்டும் கேட்கும். "கடைக்குப் போயிட்டு வாங்க" என்று பக்கத்தில் நின்று கத்தினாலும் விழாது. அடுப்படியில் தட்டு வைக்கும் ஓசை மட்டும் எப்படியோ விழுந்துவிடும்.

ஜல்லியிலிருந்து அவள் காளவாய்க்கு மாறியது நிழலுக்கு ஆசைப்பட்டு. அங்கே போன பிறகுதான் தெரிந்தது, வெயிலே தேவலாம் என்று. காளவாய் என்பது ஒரு வீட்டை நிமிர்த்தி வைத்த மாதிரி உயரமான அடுப்பு. மேலே கல்லையும் கரியையும் கொட்டுவார்கள். உள்ளே வெந்து இறங்கும் கல்லை அடியில் இருக்கும் வாயில் நீளக் கொக்கி போட்டு இழுக்க வேண்டும். வெந்த கல் பார்ப்பதற்குச் சாதுவாக, வெள்ளையாக, எடையில்லாமல் இருக்கும். அதில் கொஞ்சம் தண்ணீர் பட்டால் போதும், சீறும், பிளக்கும், கொதிக்கும், ஆவி விடும். கொஞ்சம் தள்ளி, வெந்த கல்லைத் தண்ணீரில் போட்டுச் சுண்ணாம்பாக்கும் நீற்றுத் தொட்டியில் நாள் முழுக்க அதுதான் நடக்கும். வியர்வை பட்ட கையில் ஒட்டினால்கூடத் தோலை அரித்துவிடும். அதனால் வேலைக்கு இறங்கும் முன் எல்லாரும் கையிலும் கழுத்திலும் எண்ணெய் பூசிக்கொள்வார்கள். எண்ணெய் இருந்தால் சுண்ணாம்பு ஒட்டாது. காளவாய்க்கு வரும் புது ஆளுக்கு முதல் நாள் சொல்லித் தரும் பாடம் இதுதான்: தண்ணியை விலக்கு, எண்ணெயைத் தடவு.

கம்பெனி கொடுத்த கண்ணாடி பிளாஸ்டிக். அந்தச் சூட்டில் உள்ளே வேர்த்து வழிந்து, வெளியே தூள் கீறி, போட்டவளுக்கு எதிரில் நிற்பவள் ஆணா பெண்ணா என்றே தெரியாது. கண் தெரியாமல் கொக்கி இழுத்தால் கல் காலில் விழும். ஆக, காலா கண்ணா என்று யோசித்து எல்லாரும் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிடுவார்கள். அவளும் ஏற்றியிருந்தாள். அந்த வகையில் அவள் மைக்கில் சொல்வது பொய் இல்லை. பாதி உண்மை.

மீதிப் பாதி இது. கொக்கியை இழுத்தபோது வாயில் சிக்கியிருந்த கல் மொத்தமாகச் சரிந்து, தூள் அவள் முகத்தில் அடித்தது. வலது கண்ணை எப்படியோ மூடிவிட்டாள். இடது கண்ணுக்குள் நெருப்பை வைத்த மாதிரி இருந்தது. யாரோ, பையனோ பெரியவனோ தெரியவில்லை, "தண்ணி கொண்டாங்கடா" என்றான்.

"தண்ணி வேணாம்!" என்று முதலில் அலறியது அவளேதான். "வெந்துரும், தண்ணி ஊத்தாதீங்க."

"யாருடா அவன் தண்ணிங்கறது, அறிவு கெட்டவன்," என்று நெட்டை அவனைப் பிடித்துத் தள்ளினாள். தன் எண்ணெய் பாட்டிலை எடுத்து வந்தாள். குட்டையின் தலையைத் தன் மடியில் சாய்த்து, இமையைப் பிரித்து, பாட்டிலில் இருந்ததையெல்லாம் ஊற்றினாள். துணி நுனியால் ஒற்றி எடுத்தாள். "அழாதடி, அழாதடி. கண்ணீர் பட்டாலும் கொதிக்கும்டி," என்று சொல்லிக்கொண்டு தான் அழுதாள். லாரி கிடைத்து ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேரும்வரை மடியை அசைக்கவில்லை.

ஆஸ்பத்திரியில் இருந்த டாக்டரம்மா கண்ணைப் பார்த்துவிட்டுக் கேட்டார்: "எண்ணெய் யாரு ஊத்தினது?"

நெட்டை வெளியே பெஞ்சில் இருந்தாள். "நாங்கதான்," என்றாள் இவள்.

"தண்ணி ஊத்தியிருக்கணும்மா."

"தண்ணி பட்டா வெந்துருமே டாக்டர்."

"கொஞ்சமாப் பட்டாத்தான் வேகும். கண்ணுல ஏற்கெனவே தண்ணி இருக்கே, அதுலயே வெந்துக்கிட்டுத்தான் இருந்திருக்கு. விடாம குடம் குடமா ஊத்தியிருந்தா சுண்ணாம்ப அடிச்சுக்கிட்டுப் போயிருக்கும். எண்ணெய் ஊத்தி அத உள்ளயே மூடி வெச்சிட்டீங்க." திட்டவில்லை. களைப்பாகச் சொன்னார். இதற்கு முன்னும் சொல்லியிருப்பார் போல.

வெளியே வந்ததும் நெட்டை கேட்டாள். "என்னடி சொன்னாங்க?"

"விழுந்த சுண்ணாம்பு அப்படியாம். என்ன பண்ணினாலும் போயிருக்குமாம்."

அன்று சொன்ன பொய்தான். அதற்குப் பிறகு அதைத் திருப்பிப் பிடிக்க வழியில்லாமல் போய்விட்டது. கம்பெனி அவளை வீட்டுக்கு அனுப்பாமல் ஆபீசைப் பெருக்கவும் டீ போடவும் வைத்துக்கொண்டது. மகன் அங்கேதான் லாரி ஓட்டுகிறான். பதிலுக்கு மாதம் ஒரு நாள் மைக் முன்னால் நிற்க வேண்டும். பேச்சை அப்போதிருந்த பழைய ஆபீசர் எழுதிக் கொடுத்தார். அதில் தண்ணீரும் இல்லை, எண்ணெயும் இல்லை. ஏன் இல்லை என்று அவளும் கேட்கவில்லை. கேட்டால் நெட்டையின் காதுக்குப் போகும்.

இப்படியே ஓடியிருக்கும், மருமகளைக் காளவாய்க்கு மாற்றாமல் இருந்தால்.

மருமகள் மூட்டை தைக்கும் பிரிவில் இருந்தவள். வாய்க்காரி, ஆனால் வேலைக்காரி. காளவாய் வாயில் ஆள் குறைகிறது என்று மேஸ்திரி அவளை நெட்டைக்கு ஜோடியாகப் போட்டுவிட்டார். "நல்ல கையிலதான் குடுத்திருக்கேன், பயப்படாத," என்றார். நெட்டையும் வீடு வரை வந்து, "உன் மருமக எனக்கு மருமக இல்லையா? என் கண்ணப் போலப் பார்த்துக்கறேன்டி," என்றாள். சொன்ன பிறகு நாக்கைக் கடித்துக்கொண்டாள். இரண்டு பேரும் சிரித்துவிட்டார்கள்.

ஒரு மாலை மருமகள் கண் சிவந்து வீட்டுக்கு வந்தாள். வந்த வேகத்தில் காய் நறுக்க உட்கார்ந்தாள்.

"கண்ணு ஏன் இப்படி இருக்கு?"

"ஒண்ணுமில்ல அத்தை. கண்ணாடி போட்டுக்கிட்டுத்தான் இருந்தேன், உங்க பேரக் காப்பாத்தணுமே. கழட்டும்போது அதோட விளிம்புல இருந்த தூளு உள்ள விழுந்துச்சு. நெட்டையக்கா உடனே எண்ணெய் விட்டு எடுத்துட்டாங்க. என்ன கைப்பக்குவம்ங்கறீங்க."

கண்ணாடியக்கா கரண்டியைக் கீழே வைத்தாள். மருமகளின் கையிலிருந்து கத்தியை வாங்கி ஓரமாக வைத்தாள். அவள் தோளைப் பிடித்து எழுப்பி, கொல்லைக் குழாயடிக்குத் தள்ளிக்கொண்டு போனாள்.

"என்ன பண்றீங்க? அத்தை! விடுங்க. எரிஞ்சுரும்."

"குனி."

"தண்ணி ஊத்தினா வெந்துரும் அத்தை, பைத்தியமா உங்களுக்கு?"

"குனின்னா குனி."

குள்ளமாக இருந்தாலும் கொக்கி பிடித்த கை. ஒரு கையால் கழுத்தை அழுத்தி, மறு கையால் இமையைப் பிரித்து, குழாயை முழுக்கத் திறந்துவிட்டாள். மருமகள் திமிறினாள், காலால் உதைத்தாள், வாய்க்குள் தண்ணீர் போய்ப் புரையேறித் திட்டினாள். சத்தம் கேட்காத மாமனார் இந்தக் காட்சியைப் பார்த்துவிட்டு வாசலில் வந்து நின்றார்.

"எதுக்கு அவளுக்குத் தலை குளிப்பாட்டுற? அவளே குளிக்க மாட்டாளா?"

அவரே போய்ச் சோப்பை எடுத்து வந்து திண்டில் வைத்துவிட்டுப் போனார்.

வெகுநேரம் கழித்துத்தான் விட்டாள். மருமகள் தரையில் உட்கார்ந்து துணியைப் பிழிந்தாள். கண் வேகவில்லை. அதுவே அவளுக்கு ஆச்சரியமாக இருந்தது. கண்ணாடியக்கா டாக்டரம்மா சொன்னதையெல்லாம் சொன்னாள். முதல்முதலாக வாயைத் திறந்து ஒருத்தியிடம் சொன்னாள்.

மருமகள் கேட்டுக்கொண்டே இருந்தாள். பிறகு, "அப்ப இத்தனை நாளா மைக்குல ஏன் இதச் சொல்லல?" என்றாள்.

"நெட்டைக்குத் தெரிஞ்சா உடைஞ்சு போயிருவாடி."

"அவங்க உடைஞ்சு போயிருவாங்கன்னு எங்க கண்ண வெச்சு விளையாடுறீங்களா?"

அவள் எழுந்து போய் அடுப்பை அணைத்தாள். சமையல் பாதியில் நின்றது. அன்று எல்லாரும் டீ குடித்துவிட்டுப் படுத்தார்கள்.

மறுநாள் டீ கொடுக்கும்போது சேஃப்டி சாரிடம் கேட்டாள். சின்ன வயசுக்காரர், மரியாதை தெரிந்தவர். கதவைச் சாத்திவிட்டுப் பேசினார்.

"நீங்க சொல்றது சரிதான்க்கா. எனக்கும் தெரியும். சொல்லிட்டா அடுத்த கேள்வி என்ன வரும்? தண்ணி எங்கன்னு கேப்பாங்க. காளவாய் பக்கத்துல குழாய் இருக்கா? தொட்டியில இருக்கிறது சுண்ணாம்புத் தண்ணி. குடிக்கிற தண்ணி ஆபீசுக்கு மட்டும் கேன்ல வருது, எல்லாரும் அங்க வந்துதான் குடிக்கிறாங்க. குழாய் போடச் சொல்லி நான் எழுதாத நாள் இல்ல. பார்க்கலாம், பார்க்கலாம்ங்கறாங்க."

"குழாய் வர்ற வரைக்கும் எண்ணெய் ஊத்திக்கிட்டு இருக்கணுமா சார்?"

"அக்கா, இல்லாததச் சொல்லி அவங்கள ஏன் கேக்க வைக்கிறீங்க? எழுதி இருக்கிறத மட்டும் சொல்லுங்க. உங்க நல்லதுக்குத்தான் சொல்றேன்."

டீயில் சர்க்கரை போட மறந்திருந்தாள். அவரும் அதைச் சொல்லாமல் குடித்தார்.

அடுத்த கூட்டத்தில் கண்ணாடியைக் கழற்றினாள். "எல்லாருக்கும் வணக்கம்," என்றாள். பின்வரிசை முணுமுணுப்பு தொடங்கியது. கண்ணாடிய நெத்தி மேல என்று அவர்கள் சொல்லி முடித்த இடத்தில் அவள் வேறு எங்கோ போனாள்.

"கண்ணுல சுண்ணாம்பு விழுந்தா தண்ணி ஊத்துங்க. எண்ணெய் ஊத்தாதீங்க."

முணுமுணுப்பு நின்றது. ஒரு கணம் கழித்துச் சிரிப்பு கிளம்பியது.

"அக்கா, கண்ணுல சோறு வடிக்கவா?" என்று மூட்டை தூக்குகிறவன் ஒருவன் கேட்டான்.

"தொட்டியில கை விட்டுப் பார்த்திருக்கியாக்கா? அவிஞ்சு போகும்."

"இவ்வளவு நாள் கண்ணாடி, இப்ப தண்ணியா? அடுத்த மாசம் என்ன, குடையா?"

அவள் மைக்கை வாய்க்குப் பக்கத்தில் இழுத்தாள். "சிரிங்க. கண்ணுக்குள்ள ஏற்கெனவே தண்ணி இருக்கு. எண்ணெய் ஊத்தினாலும் அது உள்ள வெந்துக்கிட்டுத்தான் இருக்கும். முகத்துல ஒட்டியிருக்கிற தூளத் தட்டி விடுங்க. அப்புறம் இமையப் பிரிச்சு வெச்சு விடாம ஊத்துங்க, ஆஸ்பத்திரி போற வரைக்கும் ஊத்துங்க. டாக்டரு சொன்னது."

"எந்த டாக்டரு?" என்று பெண்கள் பக்கத்திலிருந்து ஒரு குரல் கேட்டது. நெட்டை எழுந்து நின்றிருந்தாள். எழுந்தால் அவள் தலை கொட்டகையில் எல்லாருக்கும் மேலே தெரியும். "எந்த டாக்டருடி? அன்னிக்குப் பார்த்த அந்தம்மாவா?"

"ஆமா."

"என்ன பண்ணினாலும் போயிருக்கும்னு சொன்னாங்கன்னியே?"

அந்தம்மா இல்லை என்று சொல்லிவிடலாம். பிறகு ஒரு தடவை வேறு டாக்டரைப் பார்த்தேன், அவர்தான் சொன்னார் என்று சமாளிக்கலாம். நெட்டை நம்புவாள், நம்ப ஆசைப்படுகிறவள். ஆனால் அப்படிச் சொன்னால் இங்கே வேறு யாரும் நம்ப மாட்டார்கள். பெண்கள் பக்கத்தில் மருமகள் முழங்காலைக் கட்டிக்கொண்டு இவளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அப்ப நான் ஊத்தினது?" என்றாள் நெட்டை.

"எண்ணெய்யாலதான்டி போச்சு."

நெட்டை தன் இரண்டு உள்ளங்கையையும் பார்த்தாள். உட்கார்ந்திருந்தவர்களின் காலை மிதித்துக்கொண்டு வெளியே போனாள். யாரும் "ஏய்" என்று சொல்லவில்லை.

சிரித்த மூட்டைக்காரன்தான் கேட்டான், இந்தத் தடவை சிரிக்காமல்: "சரி சார், தண்ணி எங்க இருக்கு?"

சேஃப்டி சார் மைக்கை வாங்கி, "நன்றி அக்கா. எல்லாரும் வேலைக்குப் போகலாம்," என்றார்.

அந்த வாரத்திலிருந்து காளவாய்க்காரர்கள் வீட்டிலிருந்து தண்ணீர் பாட்டில் கொண்டுவரத் தொடங்கினார்கள். ஒரு பாட்டில் போதாதுதான். பத்துப் பேர் பாட்டிலைச் சேர்த்தால் ஆஸ்பத்திரி போகும் வழியில் பாதித் தூரமாவது ஊற்றலாம். மேஸ்திரிகூட ஒரு கேனைக் கொண்டுவந்து நிழலில் வைத்தார். அடுத்த வாரம் காளவாய்ச் சுவரில் சிவப்பு எழுத்தில் பலகை மாட்டினார்கள்: சுட்ட சுண்ணாம்பில் தண்ணீர் பட்டால் ஆபத்து. இந்த எல்லைக்குள் தண்ணீர் கொண்டுவரக் கூடாது. அதுவும் பொய் இல்லை.

கண்ணாடியக்காவுக்கு ஆபீசில் வேலை இல்லை என்றார்கள். மைக்கில் பேசுவதற்கு, கல் உடைக்கும் கிரஷரில் இரண்டு விரல் போன ஒருவரைப் பிடித்துவிட்டார்கள். ஆனால் அவளை வெளியே அனுப்பவும் இல்லை. வாசலில் பெண்களின் பையைச் சோதிக்க ஆள் வேண்டியிருந்தது. பாட்டில் இருந்தால் வாங்கி வைக்க வேண்டும். சேஃப்டி சார் இதைச் சொல்லும்போது அவள் முகத்தைப் பார்க்கவில்லை. வேண்டாம் என்று சொல்லிவிட்டு வரத்தான் நினைத்தாள். அவள் இல்லாவிட்டால் வேறொருத்தி வருவாள், வருகிறவள் ஒழுங்காகச் சோதிப்பாள் என்று மருமகள்தான் சொன்னாள்.

எண்ணெய் பாட்டிலுக்குத் தடை இல்லை. அதனால் பெண்கள் தண்ணீரை எண்ணெய் பாட்டிலில் ஊற்றிக்கொண்டு வந்தார்கள். பக்கத்தில் ஆண்களைச் சோதிக்கும் காவலாளி எட்டிப் பார்த்தால், "எண்ணெய்ணே," என்பாள் அவள். "இந்தப் பொம்பளைங்க உடம்புக்குப் பூசுறாங்களா, குடிக்கிறாங்களா?" என்று அவர் அலுத்துக்கொள்வார்.

கொட்டகையிலிருந்து போன நாள் முதல் விடுப்பில் இருந்த நெட்டை, வேலைக்குத் திரும்பி வந்த காலையில் வரிசையில் கடைசியாக நின்றாள். அவள் முறை வந்ததும் பையைத் தானே விரித்துக் காட்டினாள். சோற்றுப் பாத்திரம், ஒரு துண்டு, கையுறை. எண்ணெயும் இல்லை, தண்ணீரும் இல்லை.

"பாட்டில் எங்கடி?" என்றாள் இவள்.

"எதுக்கு? இனிமே யார் கண்ணயும் நான் தொடறதா இல்ல. போதும்."

"எம்மேல கோவமா?"

"கோவமா," என்று நெட்டை அந்த வார்த்தையையே திருப்பிச் சொன்னாள். "வீட்டுக்கு வருவேன், போவேன். ஒரே தட்டுல தின்னிருக்கோம். அத்தனை தடவையும் நீ எங்கையப் பார்த்து என்ன நெனச்சிருப்ப? அதச் சொல்லு."

"ஒண்ணும் நெனக்கல."

"பொய் சொல்றது உனக்கு நல்லா வருது, குட்டை."

பழைய பெயரைச் சொல்லிவிட்டாள். ஆனால் அதில் பழைய குரல் இல்லை. காவலாளி, "சீக்கிரம் அனுப்பும்மா," என்றார். உள்ளே சங்கு ஊதியது. மருமகள் முன்பே போய்விட்டாள். இன்றைக்குக் காளவாயில் அவளும் நெட்டையும்தான் ஜோடி.

கண்ணாடியக்கா தான் குடிக்க வைத்திருந்த பாட்டிலை எடுத்து நெட்டையின் பைக்குள் வைத்தாள். நெட்டை அதை எடுத்து மேஜை மேல் வைத்தாள். இவள் மறுபடியும் பைக்குள் வைத்து, பையின் வாயை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

"எனக்காக வேணாம். அவளுக்கு ஒண்ணுன்னா பக்கத்துல யாருடி நிப்பா? நீதானே நிப்ப?"

"எங்கையாலயா?"

"உங்கையாலதான். வேற யாரு இருக்கா அங்க?"

நெட்டை பையை வெடுக்கென்று இழுத்துத் தோளில் மாட்டிக்கொண்டு உள்ளே நடந்தாள். போகிற வழியில் பாட்டிலை எடுத்து எறிந்துவிடுவாளோ என்று இவள் ஒற்றைக் கண்ணால் பார்த்துக்கொண்டே நின்றாள். லாரி ஒன்று குறுக்கே வந்து நின்றது. அது நகர்ந்தபோது தூசியில் நெட்டை இருந்த திசை தெரியவில்லை.